நீர்மேல் எழுதிய எல்லை
துறைமுகக் கோடும் ஆற்றங்கரை உடைமையும் குறித்த அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்



திருச்சியில் நான் ஜூனியராக இருந்த காலத்தில் ஒரு கிரயப் பத்திரத்தை என் சீனியரிடம் வாசித்துக் காட்டினேன். செக்குபந்தியில் "கொள்ளிடம் ஆற்றுக்குத் தெற்கு" என்று இருந்தது. மற்ற மூன்று எல்லைகளையும் படித்து முடிக்கும்வரை அவர் வாய் திறக்கவில்லை. பிறகு வெற்றிலைச் செல்லத்தை மூடிவிட்டுக் கேட்டார்: "எந்த வருஷத்துக் கொள்ளிடத்துக்குத் தெற்கு, தம்பி?" எனக்குப் பதில் தெரியவில்லை. பத்திரம் எழுதியபோது ஆறு ஓரிடத்தில் ஓடியது; வழக்கு வந்தபோது வேறிடத்தில் ஓடியது. இடையில் கிடந்த படுகைக்கு இரண்டு குடும்பங்கள் அடித்துக்கொண்டன.

அந்தக் கேள்வி என்னை வெகுதூரம் இழுத்துச் சென்றது. நகரும் தண்ணீரை ஒட்டி நகராத சொத்து வைத்திருப்பவனின் நிலை என்ன என்பதை, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வழக்குமேல் வழக்காக உரசிப் பார்த்த நாடு அமெரிக்கா. அங்கே அரசே ஆற்றுக்குள் ஒரு கோடு போட்டது. துறைமுகக் கோடு என்று அதற்குப் பெயர். இன்றைய உரை அந்தக் கோட்டைப் பற்றியது. நான் நிறுவ முயல்வது ஒன்றுதான்: அந்தக் கோடு கரைக்காரருக்கு உரிமை எதையும் தரவில்லை, "இதுவரை வந்தால் இப்போதைக்கு ஆட்சேபம் இல்லை" என்று மட்டுமே சொன்னது. அது நகர்ந்தபோதெல்லாம், நகர்த்தியது ஆறா அரசா என்று நீதிமன்றங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

1. கோடு என்பது எது

வரைபடத்தில் பார்த்தால் ஒரு கோடு. பல துறைமுகங்களில் உண்மையில் இரண்டு. கரைக்கு அருகில் இருப்பது கரைச்சுவர்க் கோடு. அதுவரை மண் கொட்டித் தூர்த்து, சுவர் எழுப்பி, நிலமாக்கிக்கொள்ளலாம். அதற்கு அப்பால் இருப்பது துறைமேடை முனைக்கோடு. முதல் கோட்டிலிருந்து இரண்டாம் கோடுவரை மண் கொட்டக் கூடாது; தூண்கள் ஊன்றி மேடை அமைக்கலாம், அடியில் தண்ணீர் ஓட வேண்டும். இரண்டாம் கோட்டுக்கு அப்பால் எதுவும் கூடாது. அது கப்பலுக்கும் ஓட்டத்துக்கும் விட்ட வெளி.

இதற்கான தேவையை நியூயார்க் பட்டுத் தெரிந்துகொண்டது. மன்ஹாட்டன் கரையில் சொத்து வைத்திருந்தவர்கள் ஆளுக்கு நாலு கெஜம் என்று ஆற்றைத் தூர்த்து நிலமாக்கிக்கொண்டே போனார்கள். பக்கத்து மனைக்காரர் முன்னேறிவிட்டால் தன் மனை பின்தங்கிக் குட்டையில் நிற்கும் என்பதால் அடுத்தவரும் தூர்த்தார். நம் ஊர் ஏரிக்கரைகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. 1855-இல் மாநிலச் சட்டமன்றம் ஓர் ஆணையத்தை அமைத்தது. கடலோர அளவைத் துறையின் தலைவர் அலெக்சாண்டர் பாஷ் போன்றவர்கள் அதற்கு ஆலோசனை சொன்னார்கள். ஆறு ஒடுங்கினால் அலையேற்றத்தில் உள்ளே வந்து போகும் நீரின் அளவு குறையும். அது குறைந்தால் வாய்க்காலை அரித்துச் சுத்தம் செய்யும் வேகம் போய்விடும். கப்பல் வரும் வழி தானாகவே மேடிட்டுவிடும் என்பதே அவர்களின் கவலை. 1857-இல் இரண்டு கோடுகளும் சட்டமாயின.

2. மாநிலத்தின் கையிலிருந்து கூட்டாட்சியின் கைக்கு

இதை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். நெடுங்காலம் ஆற்றுக்குள் யார் என்ன கட்டலாம் என்பது மாநில விவகாரமாகவே இருந்தது. ஆரெகன் மாநிலம் போர்ட்லண்டில் வில்லமெட் ஆற்றின்மேல் ஒரு பாலத்துக்கு அனுமதி கொடுத்தது. கப்பல் செல்ல இடைஞ்சல் என்று வழக்கு வந்தது. ஆற்றில் தடை ஏற்படுத்துவதைப் பொதுவாகத் தடுக்கும் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை, காங்கிரஸ் இயற்றினால்தான் உண்டு என்று 1888-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. (காங்கிரஸ் என்றால் அந்த நாட்டு நாடாளுமன்றம். போன ஆண்டு ஒரு வகுப்பில் இதைச் சொல்லாமல் விட்டதால் வந்த குழப்பம் இன்னும் நினைவிருக்கிறது.)

அதே 1888 ஆகஸ்டில் காங்கிரஸ் துறைமுகக் கோடு போடும் அதிகாரத்தைப் போர்த்துறைச் செயலருக்குக் கொடுத்தது. ஆறும் துறைமுகமும் எதற்குப் போர்த்துறையிடம் என்று கேட்கலாம். ஆழம் பார்க்கவும் வாய்க்கால் தோண்டவும் பயின்ற பொறியாளர்கள் அங்கே ராணுவத்தில்தான் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். 1899 மார்ச் 3-ஆம் தேதிச் சட்டம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டியது. அதன் 11-ஆம் பிரிவின்படி, துறைமுகத்தைப் பாதுகாக்க அவசியம் என்று தெரிந்தால் செயலர் கோடு போடலாம். கோட்டைத் தாண்டி மேடையோ சுவரோ கட்டவும் மண் கொட்டவும் அவர் விதிக்கும் நிபந்தனைப்படி மட்டுமே முடியும். மீறினால் 500 முதல் 2,500 டாலர்வரை அபராதம், ஓராண்டுவரை சிறையும் உண்டு.

அந்தப் பிரிவு எதைச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கோட்டுக்கு உட்பட்ட பகுதி கரைக்காரருக்குச் சொந்தம் என்று சொல்லவில்லை. ஒருமுறை போட்ட கோடு நிலைக்கும் என்றும் சொல்லவில்லை. நகர்த்தினால் நஷ்டஈடு என்ற பேச்சே இல்லை. நான் பேசப்போகும் வழக்குகள் அந்த மௌனத்திலிருந்து பிறந்தவை.

3. கரைக்காரர் கை ஓங்கியிருந்த காலம்

கரைக்காரருக்கு எப்போதுமே தோல்விதான் என்று நினைத்துவிடக் கூடாது. 1870-இல் தீர்ந்த ஒரு வழக்கில் மில்வாக்கி ஆற்றங்கரைக்காரர் ஒருவர் தன் மனைக்கு முன்னால் சரக்குத்துறை ஒன்று அமைத்திருந்தார். நகராட்சி ஒரு தீர்மானம் போட்டு அதைப் பொதுத் தொல்லை என்று அறிவித்து, இடிக்க ஆளும் அமர்த்தியது. தொல்லை என்று நகராட்சி பெயர் வைத்துவிட்டால் அது தொல்லையாகிவிடாது என்றார் நீதிபதி மில்லர். கரையில் நிலம் உள்ளவருக்கு ஆழமான தண்ணீரைச் சென்றடையும் உரிமை உண்டு, அதுவும் சொத்து, பொது நன்மைக்காக எடுத்தால் விலை கொடுத்து எடுங்கள் என்பது தீர்ப்பு.

இதே காலத்தில் லண்டனிலும் அதே குரல். தேம்ஸ் கரையில் ஒரு துறைக்காரருக்கு ஆற்றைப் பார்த்த முகப்போடு, பக்கவாட்டிலும் ஓடை போன்ற ஒரு நீர்முகப்பு இருந்தது. அண்டை நிலத்துக்காரரான மீன் வணிகர் சங்கம், தேம்ஸ் பராமரிப்பு வாரியத்தின் உரிமம் பெற்று அந்தப் பக்கத்தைத் தூர்த்துச் சுவர் கட்ட முனைந்தது. 1876-இல் பிரபுக்கள் சபை தடுத்தது. ஊரார் எல்லோரும் படகு ஓட்டும் உரிமை வேறு, கரைக்காரர் தன் படியிலிருந்து தண்ணீரைத் தொடும் உரிமை வேறு. பின்னது தனிச் சொத்து, வாரியத்தின் உரிமம் அதை அழிக்காது என்று சொன்னார்கள்.

லண்டனில் அந்தக் குரல் நிலைத்தது. அமெரிக்காவில் அடுத்த முப்பது ஆண்டுகளில் தேய்ந்துபோனது. அது தேய்ந்த இடம் பிட்ஸ்பர்க் நகரை ஒட்டிய ஓஹையோ ஆறு.

முதலில் நெவில் தீவு. அங்கே காய்கறித் தோட்டம் வைத்திருந்த ஓர் அம்மையாருக்குச் சொந்தமாக ஒரு படகுத்துறை இருந்தது. விளைச்சலை ஏற்றவும் வேண்டிய பொருள்களை இறக்கவும் அதுதான் வழி. 1885-இல் தொடங்கி அரசு ஆற்றுக்குள் ஒரு தடுப்பணை கட்டியது. ஓட்டத்தை முக்கிய வாய்க்காலுக்குத் திருப்பிக் கப்பலுக்கு ஆழம் சேர்ப்பது நோக்கம். அம்மையாரின் நிலத்தில் ஒரு பிடி மண்ணைக்கூட யாரும் தொடவில்லை. ஆனால் சாகுபடிக் காலத்தின் பெரும்பகுதியில் அவர் துறைக்குப் படகு வர முடியாமல் போயிற்று. 1897-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: நிலம் எடுக்கப்படவில்லை, கப்பல் போக்குவரத்துக்கான பணியின் பக்கவிளைவு இது, நஷ்டஈடு கிடையாது. மூன்றாண்டு கழித்து மிச்சிகனில் செயின்ட் மேரிஸ் ஆற்று வழக்கிலும் அதே முடிவு. அரசு கட்டிய சுவர், அடிநிலத்துக்கே பட்டயம் வைத்திருந்த கரைக்காரரை ஆழமான தண்ணீரிலிருந்து முற்றாக மறித்தது. பெரும்பான்மைக்காக எழுதியவர் நீதிபதி ஹார்லன். மூன்று நீதிபதிகள் உடன்படவில்லை.

இந்தக் கோட்பாட்டை நம் பத்திர மொழியில் நீர்வழிப் பாத்தியதை என்று சொல்வேன். உங்கள் நிலத்தின் ஊடே அண்டை வீட்டாருக்கு நடைபாதைப் பாத்தியதை இருந்தால், நிலம் உங்களுடையதுதான்; ஆனால் பாதையில் சுவர் வைக்க முடியாது. ஆற்றடி நிலம் யார் பெயரில் இருந்தாலும் கப்பல் போக்குவரத்து என்ற பாத்தியதைக்குக் கட்டுப்பட்டது என்பதே கோட்பாடு. நடைபாதைக்கு ஒரு அகலம் உண்டு, அதைப் பத்திரத்தில் எழுதுவோம். நீர்வழிப் பாத்தியதைக்கு அகலம் எழுதப்படவில்லை.

4. ப்ரூனோ தீவு: ஆறு நகர்ந்த வழக்கு

அலெகெனியும் மொனொங்கஹேலாவும் கூடி ஓஹையோவாகும் முனையிலிருந்து சற்றுக் கீழே, பிட்ஸ்பர்க் நகருக்குள்ளேயே கிடக்கிறது ப்ரூனோ தீவு. பிரெஞ்சு மருத்துவர் ஒருவரின் பெயர் அது. 1803-இல் மேற்குத் திசை காணப் புறப்பட்ட மெரிவெதர் லூயிஸ் முதல் நாளிலேயே இங்கே ஒதுங்கினார். அவர் கொண்டுவந்த காற்றுத் துப்பாக்கியை வேடிக்கை பார்த்தவர் ஒருவர் கைதவறிச் சுட, குண்டு ஒரு பெண்ணின் தலையை உரசிக்கொண்டு போயிற்று. நல்ல வேளை, பிழைத்துக்கொண்டார். அந்தத் தீவின் சட்டச் சரித்திரமும் ஏறக்குறைய இப்படித்தான்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தீவின் நிலம் பிலடெல்ஃபியா கம்பெனியின் கையில் இருந்தது. பெயர்தான் பிலடெல்ஃபியா; இருந்தது பிட்ஸ்பர்க்கில். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1884-இல் தொடங்கிய எரிவாயு நிறுவனம், பிறகு மின்சாரத்துக்கும் டிராமுக்கும் விரிந்தது. 1895-இல் போர்த்துறைச் செயலர் அந்தப் பகுதிக்குத் துறைமுகக் கோடு போட்டிருந்தார். 1907-இல் அதை மாற்றினார். புதுக்கோடு கம்பெனி தன்னுடையது என்று சொன்ன நிலத்தின்மேல் ஏறியது. அந்த இடத்தில் இப்போது ஓடுவது தண்ணீர். ஆனால் ஒருகாலத்தில் தரையாக இருந்து அரிபட்டுப் போன இடம், எங்கள் பத்திரத்துக்குள் அடங்கியது, தூர்த்து மீட்டுக்கொள்ள உரிமை உண்டு என்றது கம்பெனி. கோட்டைத் தாண்டினால் குற்ற வழக்கு என்றது அரசு. செயலர்மேல் வழக்குத் தொடர்ந்தார்கள். 1912-இல் தீர்ப்பு வந்தபோது செயலர் பதவியில் இருந்தவர் ஹென்றி ஸ்டிம்சன். தீர்ப்பு எழுதியவர் நீதிபதி ஹியூஸ்.

மாணவர்கள் இந்தத் தீர்ப்பை நேரில் படிக்க வேண்டும். முதல் பாதியில் கம்பெனி வெல்கிறது. செயலர்மேல் வழக்குப் போட்டால் அது அரசின்மேல் போட்ட வழக்கு, இறையாண்மை அதைத் தடுக்கும் என்று அரசு வாதாடியது. அதிகாரி தன் அதிகாரத்தை மீறியதாகச் சொல்லும்போது அந்தக் கேடயம் உதவாது என்று ஹியூஸ் ஒதுக்கித் தள்ளினார். இன்றும் நிர்வாகச் சட்ட வகுப்புகளில் அந்தப் பாதிக்காகவே இந்த வழக்கைச் சொல்லித் தருகிறார்கள். அடுத்த பாதியில் கம்பெனி எல்லா வாதத்திலும் தோற்கிறது.

கம்பெனியின் வாதங்கள் மூன்று. பழைய தரை எங்களுடையது. மாநில அரசு 1858-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அளந்து குறித்த எல்லைகளுக்கு உட்பட்டுத்தான் நாங்கள் இருக்கிறோம். செயலர் 1895-இல் ஒருமுறை கோடு போட்டுவிட்டதால் அவர் அதிகாரம் அத்தோடு முடிந்தது.

ஹியூஸின் பதிலை என் சொற்களில் சுருக்கினால்: ஆறு எங்கே ஓடுகிறதோ அங்கே பொது வழியும் ஓடும். மெல்ல மெல்ல அரித்து நகர்ந்தாலும் சரி, ஒரே வெள்ளத்தில் சட்டென்று மாறினாலும் சரி, ஓட்டத்தின் பின்னாலேயே பொதுஜனத்தின் உரிமையும் போகும். மாநிலம் அளந்த எல்லை காங்கிரஸைக் கட்டுப்படுத்தாது. கோடு போடும் அதிகாரம் ஒரு தடவை பயன்படுத்தித் தீர்ந்துபோவதில்லை. நிலைமை மாறினால் மறுபடி போடலாம்.

இந்தத் தீர்ப்பின் நயம் எனக்குப் பிடிக்கும். நிலச் சட்டத்தில், மெல்ல ஒதுங்கிய மண்ணுக்கு ஒரு விதி, திடீரென்று பிளந்த ஆற்றுக்கு ஒரு விதி என்று ரோமானியர் காலத்திலிருந்து பிரித்துவைத்திருக்கிறோம். திடீர் மாற்றத்தில் சொத்தின் எல்லை மாறாது என்பது பழைய விதி. ஹியூஸ் அந்த விதியை உடைக்கவில்லை. எல்லை மாறாமலே இருக்கட்டும், பட்டயத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தண்ணீர் இருக்கும்வரை அங்கே பாத்தியதையும் இருக்கும் என்றார். என் சீனியர் கேட்ட கேள்விக்கு இது ஒரு பதில். எந்த வருஷத்து ஆறு? இன்றைய ஆறு.

முடிவு சரி என்றே நினைக்கிறேன். நிலத்தை அரித்தது வெள்ளம். ஆற்றோரத்தில் வாங்கியவர் ஆற்றின் குணத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறார். ஒதுங்கிய மண் தனக்கு என்று சொல்பவர், அரிபட்ட மண்ணுக்கு ஊராரிடம் பணம் கேட்க முடியாது.

5. எலிசபெத் ஆறு: அரசு நகர்ந்த வழக்கு

மூன்றே ஆண்டில், 1915-இல், அடுத்த வழக்கு வந்தது. வர்ஜீனியா மாநிலம் நார்ஃபோக்கில் எலிசபெத் ஆற்றின் தென்கிளையில் கிரீன்லீஃப் ஜான்சன் என்ற மரக் கம்பெனிக்கு ஒரு துறைமேடை. மாநில அதிகாரிகள் வகுத்த கோட்டுக்குள் கட்டியது. 1890-இல் கூட்டாட்சிப் போர்த்துறை தன் கோட்டைப் போட்டபோதும் அது மாநிலத்தின் கோட்டோடு ஒத்துப்போயிற்று. அதாவது, இரண்டு அரசுகள் சொன்ன சொல்லையும் தட்டாமல் கட்டிய மேடை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்து, ஆற்றில் கப்பல் வழியை அகலப்படுத்த வேண்டும் என்று போர்த்துறை கோட்டைக் கரைப்பக்கம் தள்ளியது. புதுக்கோடு மேடையின் குறுக்கே போயிற்று. கோட்டுக்கு வெளியே நின்ற பகுதியை அப்புறப்படுத்து என்றார்கள்.

இங்கே ஆறு ஓர் அங்குலம்கூட நகரவில்லை. கப்பல்கள் பெரிதாயின, அரசின் தேவை மாறியது, பேனா நகர்ந்தது. ஆனாலும் தீர்ப்பு பழையபடிதான். நஷ்டஈடு இல்லை. முந்தைய கோடு ஒரு வாக்குறுதி ஆகாது. கம்பெனி கட்டியபோதே காங்கிரஸின் மேலதிகாரத்துக்கு உட்பட்டுத்தான் கட்டியது. அதிகாரம் அதுவரை தூங்கியிருந்தால் இல்லாமல் போய்விடாது என்றார் நீதிபதி மெக்கென்னா.

இதை நான் ஏற்கவில்லை. ப்ரூனோ தீவுக்குச் செதுக்கிய விதியை எலிசபெத் ஆற்றில் ஒட்டவைத்தார்கள். ஹியூஸின் நியாயம் "ஓட்டத்தைப் பின்தொடர்ந்து பாத்தியதை போகும்" என்பது. ஓட்டம் அசையாத இடத்தில் அந்த நியாயத்துக்கு வேலை என்ன? அங்கே மிஞ்சுவது "எங்களுக்கு இடம் வேண்டும்" என்பதுதான். சாலையை அகலப்படுத்த இடம் வேண்டுமென்றால் விலை கொடுக்கிறோம். கடையை இடிக்கும்போது, "சாலையோரத்தில் கட்டியபோதே தெரிந்திருக்க வேண்டும்" என்று சொல்லிப் பணம் மறுப்பதில்லை.

உச்ச நீதிமன்றத்துக்கே இந்த வேறுபாடு ஒருமுறை தெரிந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. 1893-இல், அதே பிட்ஸ்பர்க் வட்டாரத்தில், மொனொங்கஹேலா ஆற்றின்மேல் ஒரு கம்பெனி கட்டிய மதகையும் அணையையும் அரசு எடுத்துக்கொண்டது. கட்டுமானத்துக்கு மட்டும் பணம் தருவோம், சுங்கம் வசூலிக்கும் உரிமத்துக்குத் தரமாட்டோம் என்றது. நீதிபதி ப்ரூவர் மறுத்தார். கட்டச் சொல்லி ஊக்கியது அரசு. நம்பிக் கட்டியவருக்கு முழு விலையும் உண்டு என்றார். கோடு போட்டுக் காட்டுவதும் ஒருவகை அழைப்புத்தானே? "வா, கட்டு" என்று சொன்னால் பணம், "இதுவரை கட்டலாம்" என்று சொன்னால் பணம் இல்லை என்ற பாகுபாடு எந்தத் தராசில் நிற்கும் என்று எனக்குப் புரியவில்லை.

6. 1967-க்குப் பிறகு

கோட்பாடு தன் உச்சத்தைத் தொட்டது கொலம்பியா ஆற்றில். ஜான் டே அணைக்காக அரசு கரைநிலத்தைக் கையகப்படுத்தியது. இந்த முறை தண்ணீருக்குள் இருந்த மேடையை அல்ல, மேட்டு நிலத்தையே எடுத்தது. உரிமையாளர்கள் துறைமுக மனை என்ற விலையைக் கேட்டார்கள். அந்த இடம் துறைமுகத்துக்கு ஏற்றது, மாநில அரசே அதற்காக விலைபேசி வைத்திருந்தது. 1967-இல் உச்ச நீதிமன்றம் தண்ணீரை ஒட்டியிருப்பதால் வரும் மதிப்பைக் கழித்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் பணம் என்றது. கேட்ட தொகையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் தேறியது.

இதைக் காங்கிரஸே பொறுக்கவில்லை. 1970-ஆம் ஆண்டின் ஆறு, துறைமுகச் சட்டத்தில் 111-ஆம் பிரிவைச் சேர்த்தது. உயர்நீர் மட்டத்துக்கு மேலே உள்ள நிலத்தை எடுத்தால், தண்ணீரைச் சென்றடையும் வசதியால் வரும் மதிப்பையும் சேர்த்தே விலை போட வேண்டும். நல்ல திருத்தம், ஆனால் பாதித் திருத்தம். மேட்டில் நிற்கும் கிடங்குக்கு இது உதவும். நீருக்குள் நிற்கும் துறைமேடையை நகர்ந்துவந்த கோடு வெட்டினால் இந்தப் பிரிவு பேசாது. மரக் கம்பெனியின் வழக்கு இன்று வந்தாலும் அதே கதிதான்.

அதே 1970 மே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. அதுவரை துறைமுகக் கோட்டுக்குக் கரைப்பக்கமாக ராணுவப் பொறியாளர்களிடம் தனி அனுமதி வாங்காமலே தூர்க்கலாம், கட்டலாம். எண்பது ஆண்டுகள் இப்படி ஓடியதில் அமெரிக்க ஆற்றோரச் சதுப்பும் நாணற்காடும் எவ்வளவு மண்ணுக்குள் போயின என்பதற்கு யாரிடமும் முழுக் கணக்கு இருக்காது. இனி கோடு என்பது கப்பல் போக்குவரத்து என்ற ஒரே கோணத்தில் ஒரு வழிகாட்டி மட்டுமே, உள்ளே கட்டவும் அனுமதி வேண்டும் என்று பொறியாளர் படை விதி செய்தது. "ஆட்சேபம் இல்லை" என்ற சொல்லையும் ஒரே கையெழுத்தில் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். என் வாதத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. கோடு உரிமையைத் தந்திருந்தால் இப்படித் திரும்ப வாங்கியிருக்க முடியாது. சூழலுக்காகச் செய்ததால் நான் இதை வரவேற்கிறேன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

7. கோட்டை அரசியல் சாசனத்தில் எழுதியவர்கள்

ஒரு மாநிலம் மட்டும் வேறு வழியில் போனது. 1889-இல் மாநிலமான வாஷிங்டன், தன் அரசியல் சாசனத்தின் 15-ஆம் பகுதி முழுவதையும் துறைமுகக் கோட்டுக்கே ஒதுக்கியது. நகரங்களை ஒட்டிய நீர்ப்பரப்பில் கோடு போட ஓர் ஆணையம். கோட்டுக்கு அப்பாலுள்ள தண்ணீரில் எந்தத் தனியாருக்கும் எந்த உரிமையும் என்றும் கொடுக்கக் கூடாது. கோட்டுக்கு உட்புறம் ஒரு பட்டையை, குறைந்தது 50 அடி, அதிகபட்சம் 600 அடி, மாநிலம் விற்கவே கூடாது. பின்னால் 1932-இல் 600 என்பதை 2,000 ஆக்கினார்கள். துறைமேடை கட்ட வேண்டுமா, குத்தகைக்கு எடு. அதுவும் 30 ஆண்டுக்கு மேல் இல்லை.

எனக்கு இது நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது. விற்றுவிட்டுப் பிறகு "பாத்தியதை இருக்கிறது" என்று பிடுங்குவதைவிட, விற்காமல் குத்தகைக்கு விடுவது மேல். 30 ஆண்டுக் குத்தகைக்காரருக்குத் தன் முதலீட்டை எத்தனை ஆண்டில் எடுக்க வேண்டும் என்று தெரியும். நார்ஃபோக் மரக் கம்பெனிக்குத் தெரியவில்லை.

இங்கே ஒரு வார்த்தை நம் ஊரைப் பற்றி. 1905-ஆம் ஆண்டின் மதராஸ் நில ஆக்கிரமிப்புச் சட்டம், ஆற்றுப்படுகையும் ஓடையும் உயர்நீர் மட்டத்துக்குக் கீழுள்ள கடற்படுகையும் சிலருக்கு ஏற்கெனவே உள்ள உரிமை நீங்கலாக அரசுக்கே சொந்தம் என்று இரண்டாம் பிரிவிலேயே அறிவித்துவிட்டது. ஆகவே நமக்கு ஆற்றடி நிலம் யாருடையது என்ற சந்தேகம் குறைவு. ஆனால் படுகை எங்கே முடிந்து பட்டா எங்கே தொடங்குகிறது என்ற சந்தேகம் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் புதிதாக முளைக்கிறது. எல்லைக்கல் நடும் சர்வேயர் எந்த வருஷத்து ஆற்றை அளக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. இளம் வழக்கறிஞர்களே, நீங்கள் கேளுங்கள். அடுத்த கேள்வியையும் விடாதீர்கள்: நகர்ந்தது யார்?

8. பதின்மூன்றாம் அவென்யூ

முடிக்கும்முன் மறுபடி மன்ஹாட்டனுக்கு. 1837-இல் ஒரு சட்டம் ஹட்சன் ஆற்றின் ஓரமாகப் பதின்மூன்றாம் அவென்யூ என்ற தெருவுக்கு இடம் குறித்தது. அப்போது அந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. பிறகு தூர்த்துத் தெருவாக்கினார்கள். மரக்கிடங்கும் பட்டறையும் வந்தன. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அட்லாண்டிக் கப்பல்கள் நீண்டன. லூசிட்டானியா 787 அடி, ஒலிம்பிக் 882 அடி. அவற்றைக் கட்டி நிறுத்த நீளமான துறைமேடை வேண்டும். ஆற்றுக்குள் நீட்டிக்கொள்ள நகரம் அனுமதி கேட்டது. போர்த்துறை முனைக்கோட்டை நகர்த்த மறுத்துவிட்டது. ஆறு போதுமான அளவு ஒடுங்கியாயிற்று என்றது.

வெளியே நீட்ட முடியாதென்றால் உள்ளே வெட்ட வேண்டும். நகரம் அந்தத் தெருவை ஒட்டிய நிலங்களை உரிமையாளர்களிடமிருந்து விலை கொடுத்து எடுத்து, தூர்த்த மண்ணைத் தோண்டி, மறுபடி தண்ணீராக்கியது. அங்கே எழுந்தவைதான் 1910-இல் திறந்த செல்சீ துறைமேடைகள். டைட்டானிக் வந்து சேர வேண்டிய இடம் அவற்றில் 59-ஆம் எண்.

நார்ஃபோக்கையும் நியூயார்க்கையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் தேவை ஒன்றே: பெரிய கப்பலுக்கு இடம். கோடு அசையாமல் நின்ற ஊரில் கரைக்காரருக்குப் பணம் கிடைத்தது. கோடு நகர்ந்த ஊரில் கரைக்காரருக்கு நஷ்டஈடு கிடைக்கவில்லை. இழப்பு ஒன்று, காரணம் ஒன்று. பேனா எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதே நீதியை மாற்றிவிட்டது. கிரீன்லீஃப் தீர்ப்பு பிழையானது என்பதே என் முடிவு.

பதின்மூன்றாம் அவென்யூவில் ஒரு துண்டை மட்டும் தோண்டவில்லை. அங்கே ஒரு சந்தை இருந்தது. கான்ஸவூர்ட் தீபகற்பம் என்று இப்போது அழைக்கிறார்கள். பல காலம் குப்பை லாரிகள் நின்ற அந்த இடத்தை 2023-இல் பூங்காவாகத் திறந்து, ஓரத்தில் மணல் கொட்டிச் சிறிய கடற்கரை போல அமைத்திருக்கிறார்கள். நாற்காலி போட்டு உட்காரலாம், வெயில் காயலாம். ஆற்றில் இறங்கி நீந்த அனுமதி இல்லை.